வார்டுக்குள் போகுமுன் போட வேண்டிய ஊசிகள்: மண்டபத்திலிருந்து வந்த கேள்விக்கு

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் இருக்கும் ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் இந்த ஆண்டு எம்.பி.பி.எஸ். சேர்ந்திருக்கிறாள். அடுத்த ஆண்டு வார்டு போஸ்டிங் தொடங்கும், அதற்குள் தடுப்பூசிச் சான்று கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சின்ன வயது அட்டை ஒரு மழையில் நனைந்து நைந்துபோய்விட்டது. எல்லா ஊசியையும் முதலிலிருந்து போட வேண்டுமா, தெரிந்த டாக்டரிடம் 'எல்லாம் போட்டாயிற்று' என்று எழுதி வாங்கிக் கொடுத்தால் போதாதா, வார்டில் ஊசி குத்திவிட்டால் எச்.ஐ.வி. வந்துவிடுமா என்று மூன்று கேள்விகள். ராமநாதபுரத்திலேயே 2022ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு, வீட்டில் முதல் ஆளாக மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் இந்தக் கரையில் கூடியிருக்கிறார்கள். அந்த வீடுகள் எல்லாவற்றிலும் இதே கேள்விகள் இருக்கும்.

மேலுக்குப் பார்த்தால் இது சான்றிதழ் பற்றிய கேள்வி. உள்ளே இருப்பது, பிள்ளை நோயாளிகளுக்கு நடுவே பத்திரமாக இருப்பாளா என்ற பயம். அதனால் நடுக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எழுதி வாங்கும் சான்று போதாது. போதாது என்பது மட்டுமல்ல, ஆபத்தும்கூட. ஒரு நாள் இரவு அவள் விரலில் ஊசி குத்தி அவசரப் பிரிவுக்கு ஓடினால், அங்கே இருக்கும் டாக்டர் முதலில் கேட்பது 'ஹெபடைடிஸ் பி ஊசி மூன்றும் போட்டாயா, டைட்டர் எவ்வளவு' என்பதுதான். ஹெபடைடிஸ் பி ஈரலைத் தாக்கும் வைரஸ்; டைட்டர் என்பது அதற்கு எதிரான சக்தி ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற எண். கையில் பொய்ச் சான்று இருந்தால், பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பி, அந்த நேரத்தில் கொடுத்தே ஆக வேண்டிய இம்யூனோகுளோபுலினை (உடனே காக்கும் தயார்நிலை எதிர்ப்புப் பொருள்) கொடுக்காமல் விட்டுவிடுவார். வைரஸ் காகிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு வருவதில்லை.

இந்த விஷயத்தில் பெரும்பாலானவர்கள் தவறுவது ஊசியில் இல்லை, நாள்காட்டியில். ஹெபடைடிஸ் பி மூன்று ஊசி. முதல் ஊசி போட்ட நாளைச் சுழியம் என்று வைத்தால், ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. அது முடிந்து ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் ரத்தத்தில் ஆன்ட்டி-ஹெச்பிஎஸ் அளவு, அதாவது டைட்டர், பார்க்க வேண்டும். ஆக மொத்தம் எட்டு மாதம். கல்லூரியில் சேர்ந்த வாரமே தொடங்கினால் முதலாண்டு முடிவதற்குள் கையில் முடிவு இருக்கும். சான்று கேட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், பாதி ஆண்டு பாதுகாப்பில்லாமல் ரத்தம் எடுக்கப் போவாள். ஏற்கெனவே நாள் கடந்துவிட்டவர்களுக்குச் சுழியம், ஒன்று, இரண்டாம் மாதங்கள் என்று வேகமாகப் போட்டு, பன்னிரண்டாம் மாதத்தில் நான்காவது போடும் முறை உண்டு. அந்த நான்காவதை விடக் கூடாது. வேகமாகப் போட்ட மூன்றும் நீண்ட நாள் தாங்குவதற்கு அதுதான் ஆதாரம்.

இன்னொன்றையும் உறுதியாகச் சொல்லலாம். இடைவெளி நீண்டுபோனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பரீட்சை வந்தது, நோன்பு மாதம் வந்தது, ஊர்த் திருவிழா வந்தது என்று இரண்டு வாரம் தள்ளினால் எதுவும் கெட்டுவிடாது. குறைத்தால்தான் தவறு: முதல் இரண்டுக்கும் நடுவே நான்கு வாரம், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எட்டு வாரம், முதலுக்கும் மூன்றுக்கும் நடுவே பதினாறு வாரம். இதற்குக் கீழே வந்தால் அந்த ஊசி கணக்கில் சேராது.

போடும் இடம் மேற்கையின் தோள்சதை. இடுப்பில் போடக் கூடாது. அங்கே மருந்து கொழுப்பில் தங்கி, எதிர்ப்புச் சக்தி குறைவாக உருவாகிறது. பெரியவர்களுக்கான அளவு பொதுவாக 1 மில்லி, அதில் 20 மைக்ரோகிராம். ஆனால் 18, 19 வயது எல்லைக்கோட்டில் இருக்கும் வயது. சில பிராண்டில் 19 வயது வரை பாதி அளவு, சிலவற்றில் பத்து வயதுக்கு மேலேயே முழு அளவு. குப்பியோடு வரும் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், பழக்கத்தில் போடக் கூடாது.

அளவு பார்க்கும்போது எண் வர வேண்டும். 'பாசிட்டிவ்' என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் சீட்டு பயன்படாது. ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி இன்டர்நேஷனல் யூனிட் அல்லது அதற்கு மேல் வந்தால் பாதுகாப்பு உண்டு. முறையாக மூன்றும் போட்ட பிறகு ஒரு முறை அந்த அளவு வந்துவிட்டால், பிறகு எண் இறங்கினாலும் உடலின் நினைவு இருக்கும். வருடா வருடம் பார்க்க வேண்டியதில்லை. பத்துக்குக் கீழே வந்தால் இன்னொரு சுற்று மூன்று ஊசி, மறுபடி சோதனை. அப்போதும் வரவில்லை என்றால் அவர் ஊசிக்குப் பதில் கொடுக்காத உடல்வாகு கொண்டவர். அதற்காகப் படிப்பை விட வேண்டியதில்லை. ஊசி குத்தினால் தனக்கு இம்யூனோகுளோபுலின் வேண்டும் என்பதை அவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் ஊசிக்கு முன்பே, வைரஸ் உடலில் இருக்கிறதா என்று காட்டும் ஹெச்பிஎஸ் ஆன்டிஜென் சோதனையைப் பார்த்துவிடுவது நல்லது. உடலில் ஏற்கெனவே வைரஸ் இருக்கிறவருக்கு ஊசி எந்த நன்மையும் செய்யாது, அவருக்கு வேண்டியது வேறு கவனிப்பு.

இனி, தொலைந்த அட்டை. எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டுமா என்றால், சிலவற்றை ஆம், சிலவற்றை இல்லை. அட்டையின் சுவடு வேறு இடங்களில் இருக்கும். பிள்ளை பிறந்த ஊரின் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் வைத்திருந்த பழைய பதிவேட்டைக் கேளுங்கள். நர்சம்மா மாறியிருப்பார், பதிவேடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கும். பிறந்த தேதியும் தாயின் பெயரும் கொண்டு தேடினால் சில நேரம் கிடைக்கிறது. கிடைக்கவில்லை என்றால், எழுத்தில் இல்லாத ஊசி போடாத ஊசி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி, தட்டம்மை ஊசிகளைத் தெரியாமல் கூடுதலாக ஒருமுறை போட்டால் கெடுதல் இல்லை. போடாமல் விட்டால்தான் கெடுதல்.

வயதை வைத்துக்கொண்டும் ஓரளவு கணிக்கலாம். 2006, 2007ல் பிறந்த பிள்ளைகளுக்கு ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை ஊசி ஒன்று போட்டிருப்பார்கள். தட்டம்மையின் இரண்டாவது ஊசி அரசு அட்டவணைக்குள் 2010 வாக்கில்தான் வந்தது. ஹெபடைடிஸ் பி உட்பட ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் தமிழ்நாட்டுக்கு 2011 டிசம்பரில் வந்தது. ஆகவே இந்த வயதுக்காரர்களுக்குக் குழந்தையில் ஹெபடைடிஸ் பி கிடைத்திருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. 2017 பிப்ரவரியில் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் நடந்தது, பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு. உங்கள் மகள் அப்போது நான்காவது ஐந்தாவது படித்திருப்பாள். போட்டுக்கொண்டிருந்தால் அது இரண்டாவது தட்டம்மை ஊசி, முதல் ரூபெல்லா ஊசி. ஆனால் அந்த மாதம் வாட்ஸ்அப்பில் வதந்தி பரவி, முகாம் நாளில் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாத வீடுகள் நிறைய. அதனால் 'ஸ்கூல்ல போட்டாங்க' என்று பொதுவாகச் சொல்லாமல், அன்றைக்குப் போனாளா என்று யோசித்துச் சொல்லுங்கள். பொன்னுக்குவீங்கிக்கான மருந்து அந்த ஊசியில் கிடையாது, அரசு அட்டவணையிலும் கிடையாது.

எனவே தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த எம்.எம்.ஆர். இரண்டு ஊசி, 28 நாள் இடைவெளியில், என்பதுதான் சுருக்கமான வழி. தட்டம்மை காற்றில் பரவுவது. நோயாளி எழுந்து போன பிறகும் அந்த அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை வைரஸ் இருக்கும். குழந்தைகள் வார்டில் நிற்கும் மாணவிக்கு முகக்கவசம் மட்டும் இதற்குப் போதாது.

சின்னம்மைதான் இந்தக் கரையில் மிகவும் குழப்பம் தருவது. 'அம்மை போட்டுருக்கா' என்று கேட்டால் எல்லா வீட்டிலும் 'போட்டுச்சு, வேப்பிலை வச்சோம், மூணாம் தண்ணி ஊத்தினோம்' என்பார்கள். ஆனால் அது எந்த அம்மை? நம் பேச்சில் தட்டம்மையும் சின்னம்மையும் அம்மைதான். அம்மாவிடம் இப்படிக் கேளுங்கள்: தோலில் நீர் கோத்த கொப்புளமாக வந்ததா, சிவப்புத் தடிப்பாக வந்ததா? ஒரே நேரத்தில் சில புதிதாக, சில உடைந்து, சில பொருக்காக இருந்தனவா? தலைமுடிக்குள்ளும் வந்ததா? பொருக்கு உதிர்ந்து குழித் தழும்பு ஏதாவது இருக்கிறதா? கொப்புளம்தான் என்று சொல்லி, மற்றவற்றுக்கும் ஆம் என்றால் அது சின்னம்மை, பெரும்பாலும் இன்னொரு முறை வராது. மூக்கொழுகலும் இருமலும் கண் சிவப்பும் முன்னால் வந்து, காதோரத்தில் தொடங்கி உடம்பெங்கும் சிவந்ததென்றால் அது தட்டம்மையாக இருக்கலாம், சின்னம்மைக்கு அவள் இன்னும் இலக்குதான். சந்தேகமாக இருந்தால் வேரிசெல்லா ஐஜிஜி சோதனை (சின்னம்மைக்கு எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது), அல்லது நேராக ஊசி. இரண்டு ஊசி, நான்கு முதல் எட்டு வார இடைவெளியில். வெப்பமான நாடுகளில் சின்னம்மை குழந்தைப் பருவத்தைத் தாண்டியும் வருகிறது, பெரியவர்களுக்கு வந்தால் நிமோனியா வரை போகும். எதிர்ப்புச் சக்தி இல்லாத மாணவி ஒரு சின்னம்மை நோயாளியின் அருகில் இருந்துவிட்டால், அந்த நாளிலிருந்து எட்டாம் நாள் தொடங்கி இருபத்தொன்றாம் நாள் வரை வார்டுப் பக்கம் போகக் கூடாது. இரண்டு வாரப் போஸ்டிங் போய்விடும். இந்த ஊசி விலை அதிகம், அரசு அட்டவணையிலும் இல்லை, வெளியில்தான் வாங்க வேண்டும். பணம் இடித்தால் முதலில் ஐஜிஜி பாருங்கள், ஊசியே தேவைப்படாமல் போகலாம்.

எம்.எம்.ஆரும் சின்னம்மை ஊசியும் உயிருள்ள, வலுக்குறைந்த வைரஸ் கொண்டவை. இரண்டையும் ஒரே நாளில் வேறு வேறு கையில் போடலாம். ஒரே நாளில் போடவில்லை என்றால் 28 நாள் விட வேண்டும். கர்ப்பமாக இருப்பவருக்குப் போடக் கூடாது. போட்ட பிறகு ஒரு மாதமாவது கர்ப்பம் தரிக்காமல் இருக்க வேண்டும். படிக்கும்போதே திருமணமான மாணவிகள் கூச்சப்பட்டு இதைச் சொல்லாமல் விடுகிறார்கள், சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர், அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர், எதிர்ப்புச் சக்தி குறைக்கும் நோயுள்ளவர் ஆகியோருக்கு இப்படி எழுத்தில் பதில் சொல்வது சரியல்ல. அவர்களை டாக்டர் நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

காசநோய்க்கு வருகிறேன். பிறந்தவுடன் இடது தோளில் போட்ட பி.சி.ஜி.யின் தழும்பு பெரும்பாலோருக்கு இருக்கும். தழும்பு இல்லாவிட்டாலும் இந்த வயதில் மறுபடி போடுவதில்லை. அது குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து காக்கிறது, வார்டில் இருமும் நோயாளியிடமிருந்து பெரியவரைக் காக்கும் என்று நம்பி இருக்க முடியாது. போஸ்டிங்குக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும் மாண்டூ சோதனையும் (காசநோய்க் கிருமி உடலில் புகுந்திருக்கிறதா என்று முன்கைத் தோலில் மருந்து போட்டுப் பார்ப்பது) கேட்பார்கள். மாண்டூவைப் படிப்பதில்தான் தவறு அதிகம். போட்டு 48 மணி நேரத்துக்கு மேல் 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். சிவப்பை அளக்கக் கூடாது, கட்டியை அளக்க வேண்டும். பால்பாயின்ட் பேனாவை முன்கையின் குறுக்கே, வெளிப்பக்கத்திலிருந்து மெல்லத் தோலில் இழுத்து வந்தால், கட்டியின் ஓரத்தில் பேனா தடைபட்டு நிற்கும், அங்கே ஒரு கோடு. எதிர்ப்பக்கத்திலிருந்தும் அப்படியே இழுத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே மில்லிமீட்டரில் அளவு. பத்து அல்லது அதற்கு மேல் என்றால் பாசிட்டிவ். எம்.எம்.ஆர். அல்லது சின்னம்மை ஊசி போட வேண்டியிருந்தால் மாண்டூவை அதற்கு முன்போ அதே நாளிலோ போட்டுவிடுங்கள். ஊசி முதலில் போய்விட்டால் நான்கு வாரமாவது காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொய்யாக நெகட்டிவ் வரும்.

பாசிட்டிவ் என்றால் என்ன செய்வது என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து இல்லை. நம் நாட்டில் பெரியவர்களில் நிறையப் பேருக்குக் காசநோய்க் கிருமி உள்ளே உறங்கிக்கொண்டிருக்கிறது, அவர்களுக்கு நோய் இல்லை. எக்ஸ்ரே சுத்தமாக இருந்து, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் எதுவும் இல்லை என்றால் படிப்பைத் தொடரலாம். தடுப்பு மாத்திரை வேண்டுமா என்பதை மார்புநோய் மருத்துவர் ஆளைப் பார்த்து முடிவு செய்வார். என் பார்வையில், தொடக்கத்தில் நெகட்டிவாக இருந்தவருக்குப் பின்னால் பாசிட்டிவாக மாறினால் அதைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அதற்காகவாவது தொடக்க அளவு எழுத்தில் இருக்க வேண்டும். வார்டில் என்95 முகக்கவசம் மூக்குப் பாலத்திலும் கன்னத்திலும் காற்றுக் கசியாமல் ஒட்ட வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. தலைத்துணி அணியும் மாணவிகள் கவசத்தின் ஓரத்துக்கும் கன்னத்துக்கும் நடுவில் துணி சிக்காமல் முதலில் கவசத்தைப் பொருத்திவிட்டுத் துணியைச் சரிசெய்யலாம். நம் கரையில் காற்றுக்குப் பஞ்சமில்லை; எதிரெதிர் ஜன்னலைத் திறந்து வைத்து, காற்று உங்கள் முதுகிலிருந்து நோயாளியின் பக்கம் போகும்படி நின்று பேசினால் பாதி வேலை முடிந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டெட்டனசையும் டிப்தீரியாவையும் தடுக்கும் டி.டி. ஊசி பத்து வயதிலும் பதினாறு வயதிலும் பள்ளியில் போடுவது. அதன் பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை. கக்குவான் இருமலையும் சேர்த்துக் காக்கும் டிடாப் ஒருமுறை போட்டுக்கொள்வது நல்லது, குறிப்பாக பிரசவ வார்டுக்கும் குழந்தைகள் வார்டுக்கும் போகுமுன். இது கட்டாயமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இன்ஃப்ளூயன்சா ஊசி ஒவ்வோர் ஆண்டும், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன். டைபாய்டு கான்ஜுகேட் ஒரு ஊசி, ஹெபடைடிஸ் ஏ: இவை வார்டைவிட விடுதிக்காகத் தேவைப்படுபவை. குடத்துக்கு இவ்வளவு என்று வண்டித் தண்ணீர் வாங்கும் ஊரில் விடுதித் தண்ணீரை நம்பி இருப்பதைவிட ஊசி போட்டுக்கொள்வது மேல். டெங்கு, மலேரியா, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கு நம் மாணவர்களுக்குப் போடும் ஊசி எதுவும் இல்லை. அங்கே கொசுவலையும், மூடிய தண்ணீர்த் தொட்டியும், மழைத்தண்ணீரில் வெறுங்காலோடு இறங்காமல் இருப்பதும்தான் தடுப்பு.

ஊசி மருந்து கொண்டுவருவதில் ஒரு எச்சரிக்கை. ஹெபடைடிஸ் பி, டி.டி., டிடாப் மூன்றும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தால் கெட்டுவிடும். ராமநாதபுரத்தில் வாங்கி ராமேசுவரம் வரை பஸ்ஸில் கொண்டுபோகும்போது வெயிலுக்குப் பயந்து ஐஸ் கட்டிக்குள் புதைத்து வைக்கிறார்கள். வெயிலைவிட அந்த ஐஸ்தான் இந்த ஊசிகளுக்குப் பகை. ஐஸ் பேக்கை வெளியே எடுத்து, ஓரம் வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை வைத்திருந்து, அதன் பிறகு குப்பியைக் காகிதத்தில் சுற்றி வைக்க வேண்டும். உறைந்து உருகிய ஹெபடைடிஸ் பி குப்பியைக் குலுக்கி வைத்தால் சீக்கிரமே அடியில் திட்டுத்திட்டாகப் படிந்து மேலே தெளிந்துவிடும். நல்ல குப்பி நெடுநேரம் கலங்கலாகவே இருக்கும். டைட்டர் வராதவர்களில் சிலருக்குக் குற்றம் உடம்பில் இல்லை, குப்பியில். முடிந்தால் குளிர்பெட்டி உள்ள இடத்திலேயே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். போட்ட பிறகு பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வந்தவர்கள், நோன்பு இருப்பவர்கள் மயங்கி விழுந்து தலையில் அடிபடுவது உண்டு. நோன்பு நாட்களில் மாலைக்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது எச்.ஐ.வி. பயம். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி தோலைத் துளைத்தால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. ஹெபடைடிஸ் சி நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே. எதிர்ப்புச் சக்தி இல்லாதவருக்கு ஹெபடைடிஸ் பி நூற்றுக்கு ஆறு முதல் முப்பது வரை. எல்லோரும் அஞ்சுவது முதலாவதை. அஞ்ச வேண்டியது மூன்றாவதை, அதற்குத்தான் ஊசி இருக்கிறது. காய்ந்த ரத்தத்திலும் ஹெபடைடிஸ் பி வைரஸ் ஏழு நாள் உயிரோடு இருக்கும்.

குத்திவிட்டால் செய்ய வேண்டியதை அவள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். கையுறையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். விரலைப் பிதுக்கக் கூடாது, வாயில் வைத்துச் சப்பக் கூடாது. பழக்கத்தில் விரல் தானாகவே வாய்க்குப் போகும், அங்கேதான் கவனம். ஸ்பிரிட், டெட்டால், பிளீச்சிங் எதுவும் ஊற்றக் கூடாது. கண்ணில் தெறித்தால் நல்ல தண்ணீரிலோ சலைனிலோ கழுவ வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் அதோடு கழுவிவிட்டுப் பிறகு கழற்றி, மறுபடி கழுவ வேண்டும். உடனே டியூட்டி டாக்டரிடம் சொல்லி எழுத்தில் பதிய வேண்டும். எந்த நோயாளி, எந்த ஊசி, எத்தனை மணி என்பவை முக்கியம். உள்ளே குழல் உள்ள ஊசியா, தையல் ஊசியா, ரத்தம் கண்ணுக்குத் தெரிந்ததா, எவ்வளவு ஆழம் என்பதை வைத்துத்தான் அபாயத்தை மதிப்பிடுவார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 28 நாள். நோயாளியின் ரத்த முடிவு வரும் வரை காத்திருக்க வேண்டாம், முதல் மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். தேவையில்லை என்று தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம். நோயாளியைச் சோதிக்க அவர் சம்மதம் வேண்டும், எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் அதற்கென ஆலோசகர் இருப்பார். குத்துப்பட்டவருக்கு அன்றே ஒரு சோதனை, பிறகு ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம்.

ஹெபடைடிஸ் பி டைட்டர் ஏற்கெனவே பத்துக்கு மேல் வந்தவருக்கு அந்த வைரஸைப் பொறுத்தவரை வேறு எதுவும் வேண்டாம். ஊசியே போடாதவருக்கு இம்யூனோகுளோபுலினும் முதல் ஊசியும் 24 மணி நேரத்துக்குள், வேறு வேறு கையில். ஹெபடைடிஸ் சிக்குத் தடுப்பூசியும் இல்லை, தடுப்பு மாத்திரையும் இல்லை. ஆனால் தொற்றிவிட்டால் பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வாரம் மாத்திரையில் முழுதாகக் குணமாகிறது. 2018ல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் திட்டத்தில் இந்தச் சிகிச்சை இலவசம்.

குத்தாமல் பார்ப்பது இவை எல்லாவற்றையும்விட எளிது. பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடக் கூடாது. மாணவர்கள் குத்திக்கொள்வது பெரும்பாலும் அந்த ஒரு நொடியில்தான், இடக்கையில் மூடியும் வலக்கையில் ஊசியுமாக. ரத்தம் எடுக்கப் போகும்போதே வெள்ளை நிறத் துளைபடாப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முக்கால் நிரம்பிய பெட்டிக்குள் திணிக்கக் கூடாது.

கடைசியாக, நம் ஊருக்கே உரிய இரண்டு. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரையே வராமல் கையை நனைத்துவிட்டுக் கழுவியதாக நினைத்துக்கொள்கிறார்கள். அழுக்கு தெரியாத கைக்கு ஆல்கஹால் கரைசல் இருபது முதல் முப்பது நொடி போதும். ரத்தமோ மலமோ பட்ட கைக்கு நல்ல தண்ணீரும் சோப்பும்தான் வேண்டும், நாற்பது முதல் அறுபது நொடி. மருதாணி இருந்தால் பரவாயில்லை. மோதிரம், வளையல், கோயிலிலோ தர்காவிலோ கட்டிய மணிக்கட்டுக் கயிறு மூன்றும் வார்டுக்கு ஆகாது. கயிற்றை மேற்கையில் கட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது. வலையில் மீன் பிரிக்கவும் இறால் உரிக்கவும் கூடமாட நின்றால் கையில் கெளுத்தி முள்ளோ இறால் தலை முள்ளோ கீறாமல் இருக்காது. அந்தக் கீறல் வார்டில் கிருமிக்குத் திறந்த வாசல். தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டி, மேலே கையுறை போட்டுத்தான் நோயாளியைத் தொட வேண்டும். கடல்நீர் பட்ட காயம் ஒரே நாளில் வீங்கி, நீலம் பாய்ந்த கொப்புளமும் காய்ச்சலுமாக வந்தால் அது விப்ரியோ கிருமியாக இருக்கலாம். மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஈரல் நோய் உள்ளவருக்கு அது ஓரிரு நாளில் உயிரை வாங்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், கேட்கத் தயங்கியிருக்கலாம். முதல் சோதனையில் ஹெபடைடிஸ் பி இருப்பதாக வந்தால் படிப்பு போய்விடுமா? போகாது. வைரஸ் அளவு பார்த்து, தேவைப்பட்டால் மாத்திரையில் கட்டுப்படுத்தி, ஆயிரக்கணக்கானோர் மருத்துவர்களாக வேலை செய்கிறார்கள். அறுவை அரங்கில் எந்த வேலை, எப்போது என்பதை மட்டும் மருத்துவர் சொல்வார். எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிப் படிப்பில் பாகுபாடு செய்வதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடை செய்கிறது; மருத்துவமனையில் வேலை செய்வோருக்குப் பாதுகாப்புப் பொருளும் தடுப்பு மாத்திரையும் கிடைக்கச் செய்வது நிறுவனத்தின் பொறுப்பு என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆகவே முடிவுக்குப் பயந்து சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். நாளைக் காலை ஹெச்பிஎஸ் ஆன்டிஜெனுக்கும் வேரிசெல்லா ஐஜிஜிக்கும் ஒரே குத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு, மாண்டூவைப் போட்டுக்கொண்டு வரட்டும். ஆன்டிஜென் முடிவு நெகட்டிவ் என்று வந்த அன்றே ஹெபடைடிஸ் பி முதல் ஊசி. தேதி, ஊசியின் பெயர், பேட்ச் எண், போட்டவர் கையெழுத்து நான்கும் உள்ள சீட்டை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கி, படம் எடுத்து உங்கள் போனிலும் அவள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.